அட்சதை விழும் நொடி

கல்யாண வீடியோவில் கணினி திணறுகிற இடம் எது என்று டெல்டாப் பக்கத்து ஸ்டூடியோக்களில் மிக்சிங் செய்கிறவர்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: தாலி கட்டு. கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபத்தின் நாலு பக்கத்திலிருந்தும் மஞ்சள் அரிசியும் பூவும் மேடையை நோக்கிப் பறக்கும். போட்டோ எடுப்பவரின் ஃபிளாஷ் அடுத்தடுத்து வெட்டும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து முன்னால் நகர்வார்கள். வீடியோ லைட் வெளிச்சத்தில் பட்டுச் சேலைகளின் ஜரிகை மினுங்கும். 2000-களின் தொடக்கத்தில் போட்ட விசிடி ஒன்று வீட்டில் இருந்தால் அந்த இடத்தை ஓட்டிப் பாருங்கள். அதுவரை தெளிவாக இருந்த முகங்கள் சில நொடிகளுக்குச் சதுரம் சதுரமாக உடையும். மாப்பிள்ளையின் கை எது, மாலை எது என்று பிரித்தறிய முடியாது. அட்சதை ஓய்ந்ததும் படம் மறுபடி கூடிக்கொள்ளும். மூன்று மணி நேரப் பதிவில் குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பும் இடம் எதுவோ, அதுவே மிக மோசமாக இருக்கும்.

கேமரா மேல் குற்றம் இல்லை. கேசட்டில் அந்தக் காட்சி நன்றாகவே பதிந்திருக்கும். கேசட்டிலிருந்து தட்டுக்கு வரும் வழியில், இடம் போதாமல் சுருக்கியபோது நேர்ந்த சேதம் அது.

மன்னார்குடியில் இந்தச் சேதத்தைக் கல்யாண மண்டபத்துக்கு வெளியிலும் பார்க்கலாம். ராஜகோபால சுவாமி கோயிலின் பங்குனிப் பெருவிழா 18 நாள் நடக்கும். அதில் 16-ஆம் நாள் வெண்ணெய்த்தாழி. தவழும் கண்ணனாக வீதியில் எழுந்தருளும் பெருமாள் மேல் வழி நெடுகச் சனங்கள் வெண்ணெய் வீசுவார்கள். ஆனியில் ஹரித்ரா நதியில் தெப்பம். சுமார் 23 ஏக்கர் பரப்புள்ள அந்தக் குளத்தில் இரவு நேரத்தில் தெப்பம் நகரும்போது தண்ணீர் முழுக்க விளக்கொளி நொறுங்கி அலைபாயும். கண்ணுக்கு இதைவிட அழகான காட்சி கிடைப்பது அரிது. வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கோ இதைவிடக் கடினமான வேலை கிடையாது. பறக்கும் வெண்ணெய், கொட்டும் அட்சதை, அலையும் தண்ணீர் மூன்றும் அதற்கு ஒரே வகைத் தொல்லைதான். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், இருக்கிற இடத்துக்குள் ஒரு பதிவை எப்படி அடக்குவது, எப்போது அடக்கவே கூடாது என்பதும் தெரியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டு பால் முறையில் டிவிடியின் ஒரு ஃபிரேமுக்கு 720 × 576 புள்ளிகள், அதாவது 4,14,720. நொடிக்கு 25 ஃபிரேம். நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் வைத்துக்கொண்டாலும் புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் வேண்டும். பெருக்கினால் நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் பிட். ஒரு சாதாரண டிவிடி கொள்வது 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். வகுத்தால் கிடைப்பது 302 நொடி. மாப்பிள்ளை அழைப்புக் கார் மண்டப வாசலை எட்டுவதற்குள் தட்டு நிறைந்துவிடும்.

விசிடிக்கு நெருக்கடி இன்னும் அதிகம். குறுந்தகடு பாட்டுக்காகப் பிறந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என்று இரண்டு தடங்கள்: மொத்தம் நொடிக்கு 14,11,200 பிட். 1993-இல் பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மாட்சுஷிட்டா நிறுவனங்கள் விசிடிக்கு விதி வகுத்தபோது, அதே வேகத்தில் சுழலும் அதே தட்டிலிருந்து படமும் சத்தமும் சேர்ந்து வெளிவந்தாக வேண்டியிருந்தது. படத்துக்கு நொடிக்கு 11.5 லட்சம் பிட், சத்தத்துக்கு 2.24 லட்சம் பிட் என்று பிரித்தார்கள். ஃபிரேமை 352 × 288 ஆகக் குறைத்த பிறகும், சுருக்காத படம் நொடிக்கு 3 கோடி பிட்டுக்கு மேல் கேட்கும். அதில் 26-இல் ஒரு பங்குக்குத்தான் தட்டில் இடம். மிச்சம் 25 பங்கை எறிய வேண்டும். பார்க்கிறவருக்கு அது தெரியவும் கூடாது.

இதற்கு வழி திறந்தவர்கள் மூன்று பேர். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்த டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-இல் பொறியியல் பட்டம் பெற்று டெக்சாஸில் பேராசிரியரான கே. ஆர். ராவ். தன் யோசனையை ஆராய்வதற்கு 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார் அகமது. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறதே என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்து, நிதி கிடைக்கவில்லை. அவர் விடாமல் 1973 கோடை விடுமுறையில் வேலையைத் தொடர்ந்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. அதில் இருந்த 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்ற கணக்குமுறைதான் பின்னாளில் ஜேபெக் படத்துக்கும் விசிடிக்கும் டிவிடிக்கும் அடிப்படை. இன்று கைபேசியில் ஓடும் வீடியோக்களில் பெரும்பாலானவற்றின் உள்ளேயும் அதன் வாரிசுகள்தான் இயங்குகின்றன. நம் பாடப்புத்தகங்களில் இந்த மூவர் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த முறை செய்வது இதுதான். படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தில் 64 வெளிச்ச எண்கள். அவற்றை வேறு 64 எண்களாக மாற்றி எழுதுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்த எண்கள், அந்தக் கட்டத்துக்குள் வெளிச்சம் எவ்வளவு மெதுவாக அல்லது எவ்வளவு நெருக்கமாக ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்பவை. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஒரு கட்டத்தை எடுத்தால் முதல் எண் பெரிதாக இருக்கும், மற்ற 63-உம் ஏறக்குறைய சுழி. மணப்பெண்ணின் ஜரிகைக் கரையில் ஒரு கட்டத்தை எடுத்தால் பத்திருபது எண்களாவது பெரிதாக நிற்கும். இதுவரை எதையும் இழக்கவில்லை. திருப்பிக் கணக்கிட்டால் பழைய 64 எண்கள் அப்படியே கிடைக்கும்.

இழப்பு அடுத்த படியில் வருகிறது. ஒவ்வோர் எண்ணையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, கிட்டத்து முழு எண்ணை மட்டும் எழுதிக்கொள்கிறது. நெருக்கமான ஏற்ற இறக்கங்களை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதால் அவற்றைப் பெரிய எண்ணால் வகுக்கலாம். பெரும்பாலானவை சுழியாகிவிடும். சுழிகளின் வரிசையை எழுத மிகச் சில பிட் போதும். வகுக்கும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இடம் மிச்சம். அதே அளவுக்குக் கட்டங்களின் விளிம்பும் வெளியே தெரியும். விசிடியில் பார்த்த சதுரங்கள் இவைதான்.

ஃபிரேம்களைத் தனித்தனியாகச் சுருக்குவது மட்டும் போதாது. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் மண்டபத்துச் சுவரும் மணவறை அலங்காரமும் மாறுவதில்லை. எனவே முழுப் படமாக எழுதுவது ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு ஃபிரேம்தான். நடுவில் உள்ளவற்றுக்கு, 16-க்கு 16 அளவுள்ள ஒவ்வொரு துண்டும் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்தது என்பதையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் எழுதுகிறது. பந்தியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மேல் கேமரா மெல்ல நகர்ந்து செல்லும் காட்சி இந்த முறைக்கு மிகவும் தோதானது. எல்லாத் துண்டும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்கின்றன. எழுத வேண்டியது கொஞ்சம்.

அட்சதையில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒவ்வொரு மணியும் தன் போக்கில் பறக்கிறது. முந்தைய ஃபிரேமில் அது வேறெங்கோ இருந்தது, அல்லது இல்லவே இல்லை. ஃபிளாஷ் வெட்டும் ஃபிரேம் மொத்தமும் வெளுத்துப்போய், முந்தையதோடு எந்த வகையிலும் பொருந்தாது. ஆகவே ஏறக்குறைய எல்லாத் துண்டையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. விசிடியில் ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாகக் கிடைப்பது 46,000 பிட். ஃபிரேமில் 396 துண்டுகள். துண்டுக்கு 116 பிட். அதில் 256 புள்ளிகளைச் சொல்லியாக வேண்டும். தேவை பல மடங்கு ஏறும்போதும் வரத்து ஏறாது. வகுக்கும் எண்ணைப் பெரிதாக்குவதைத் தவிர மென்பொருளுக்கு வேறு வழி இல்லை.

முன்பு சேமித்த பிட்டை இப்போது செலவழிக்கக் கூடாதா? விசிடியில் முடியாது. தட்டு ஒரே வேகத்தில் ஓடுகிறது. படத்துக்காகப் பிளேயரில் ஒதுக்கிய நினைவகம் வெறும் 40 கிலோபைட். கால் நொடிக்குச் சற்று மேலான படத்தைத்தான் அதில் தேக்கிவைக்க முடியும். ஐயர் மந்திரம் சொல்லும்போது ஒன்றும் அசையாத பத்து நிமிடத்துக்கும், அட்சதை விழும் பத்து நொடிக்கும் ஒரே வீதம்தான்.

டிவிடி இந்தத் தளையை அவிழ்த்தது. டெல்டாவில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று எல்லோருக்கும் ஒரே அளவாகப் பிரித்தால், அறுப்புக்கு நிற்கிற வயலிலும் தண்ணீர் பாயும், பால் பிடிக்கிற பயிரும் அதே அளவோடு காய வேண்டியிருக்கும். பயிர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு பிரித்தால், மேட்டூரில் திறக்கும் தண்ணீர் அதே அளவுதான் என்றாலும் கடைமடை பிழைக்கும். இரண்டு சுற்றுச் சுருக்கல் அப்படிப்பட்டது. முதல் சுற்றில் மென்பொருள் எதையும் எழுதாமல் முழு வீடியோவையும் பார்த்து, எந்த நொடி எவ்வளவு கேட்கிறது என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாம் சுற்றில் மொத்தம் மாறாமல் பங்கை மாற்றுகிறது. நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும். இரவில் கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போகிற தொழிலில் அது ஒரு பொருட்டே அல்ல. தட்டில் இடம் இறுக்கமாக இருக்கும்போது ஒற்றைச் சுற்றில் சுருக்குவதை எந்தக் காரணத்தாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் இந்தப் பங்கீடு செய்யும் மென்பொருளுக்கு யார் மணப்பெண் என்று தெரியாது. எங்கே அசைவு அதிகமோ, எங்கே நுணுக்கம் அதிகமோ அங்கே பிட்டைக் கொட்டும். கல்யாண மிக்சிங்கில் நாம் பார்த்துப் பழகிய உதிரும் ரோஜா இதழ்கள், மின்னும் நட்சத்திரங்கள், சுழன்று வரும் இதயங்கள் எல்லாம் அதன் கண்ணில் இன்னோர் அட்சதை மழைதான். முகத்துக்குப் போக வேண்டிய பிட்டை அந்த இதழ்கள் எடுத்துக்கொள்ளும். இடம் தாராளமாக இருந்தால் செய்யட்டும். ஒரே டிவிடியில் நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம், மறுவீடு எல்லாம் அடங்க வேண்டும் என்றால், முதலில் வெட்ட வேண்டியது அந்த அலங்காரங்களைத்தான். இரைச்சலும் அப்படியே. வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா தானாக உணர்திறனை ஏற்றிக்கொள்ளும்; படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் துடிக்கும். தெப்பத்தன்று இரவில் எடுத்த பதிவில் வானத்தைப் பாருங்கள், கருப்பு ஒரு நொடிகூட அசையாமல் இருக்காது. யாரும் பார்க்காத அந்தத் துடிப்பை எழுதவே பாதி பிட் வீணாகும். சுருக்குவதற்கு முன் இரைச்சலை மிதமாக வடிகட்டினால் அதே அளவுத் தட்டில் தெப்பத்தின் விளக்குகள் தெளியும். அளவு மீறி வடிகட்டினால் குளத்தின் அலையும் வழவழப்பாகிப் போகும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

இனி ஒட்டும் வேலை. ஒரு கல்யாணம் ஒரே கோப்பாக வருவதே இல்லை. மினிடிவி கேசட் காலத்தில் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 1,44,000 பைட். நொடிக்கு 36 லட்சம். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினிக்கு ஏற்றினால் 13 ஜிபி. அன்றைய வன்தட்டுகளில் பலவும் ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டவை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒரு துண்டாக விழுந்தது. பிறகு வந்த மெமரி கார்டு கேமராக்களும் அதே 4 ஜிபி எல்லையில் வெட்டிக்கொண்டன. மூன்று கேசட் கல்யாணம் 39 ஜிபி. 40 ஜிபி வன்தட்டு அதோடு சரி. அதனால்தான் தட்டு எழுதிக் கொடுத்த கையோடு அசல் கோப்புகளை அழிக்கிற வழக்கம் வந்தது, கேசட்டின் மேல் அடுத்த கல்யாணத்தைப் பதிகிற வழக்கமும் வந்தது. கட்டுப்படியாகாத விலையில் வன்தட்டு விற்ற காலம்; அந்த ஸ்டூடியோக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் டெல்டாவில் ஒரு தலைமுறைக் கல்யாணங்களுக்கு இன்று விசிடியைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பது பெரிய இழப்புதான்.

மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் தன்னந்தனியாகச் சுருங்கியிருக்கும். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், எதோடும் ஒட்டலாம். விசிடி, டிவிடி, கைபேசிக் கோப்புகள் அப்படி அல்ல. இடையிடையே வரும் முழு ஃபிரேமில் மட்டுமே சுத்தமாக வெட்ட முடியும். நடுவில் வெட்டினால், அடுத்த ஃபிரேம் எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அது கையில் இல்லை. அடுத்த முழு ஃபிரேம் வரும்வரை படம் சாம்பலும் குழம்புமாக ஓடும். வெட்டும் இடத்தை முழு ஃபிரேமுக்கு நகர்த்திக்கொண்டால் எதையும் மறுபடி சுருக்காமலே ஒட்டிவிடலாம். வர்ச்சுவல்டப் மென்பொருளில் 'டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி' என்றிருந்தது இதற்குத்தான். இன்று எஃப்எஃப்எம்பெக், எம்கேவிடூல்நிக்ஸ் இரண்டும் இலவசமாகவே இதைச் செய்யும். இரண்டு மணி நேரப் படத்தை மறுபடி சுருக்கினால் மணிக்கணக்காகும். இந்த முறையில் கோப்பை நகலெடுக்கும் நேரம்தான். ஒட்டும் வேலை சட்டென்று முடிந்தால் தரம் போகவில்லை என்று அர்த்தம். திரையில் ஒரு பட்டை மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தால், உங்களைக் கேட்காமலே மென்பொருள் மறுபடி சுருக்குகிறது.

ஒட்டுவதற்கு இரண்டு துண்டும் எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும்: அளவு, ஃபிரேம் வீதம், சத்தத்தின் மாதிரி வீதம். சத்தத்தில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். மினிடிவி கேமராக்களில் நொடிக்கு 48,000 மாதிரி என்றும், 32,000 என்றும் இரண்டு முறை உண்டு. இரண்டு கேமரா வைத்து எடுத்த கல்யாணத்தில் ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் இருந்து, 32,000-ஐ 48,000 என்று நினைத்து மென்பொருள் ஓட்டினால், சத்தம் ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும். ஒன்றுக்கு ஒன்றரை என்பது சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம். நாகஸ்வரக்காரர் ஆதார சட்ஜம் பிடிக்கிற இடத்தில் அதன் பஞ்சமம் ஒலிக்கும். சங்கீதம் தெரியாதவர்கூட ஏதோ கோளாறு என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

இன்னொரு கோளாறு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. படத்தின் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. விசிடியின் சத்தமும் சிறு பொட்டலங்களாகத்தான் இருக்கிறது. ஒரு பொட்டலம் 1,152 மாதிரி, அதாவது 26.12 மில்லிநொடி. 40-ஐ 26.12 மிச்சமில்லாமல் வகுக்காது. ஆகவே படம் முடிகிற இடத்தில் சத்தப் பொட்டலம் சரியாக முடிவதில்லை. ஒட்டு ஒவ்வொன்றிலும் சத்தம் ஒரு பொட்டலத்தின் ஒரு பகுதியளவு முந்தும் அல்லது பிந்தும். கோப்பில் எழுதியிருக்கும் நேரக்குறிப்பைப் பார்த்து மென்பொருள் சரிசெய்யாவிட்டால், பத்துப் பன்னிரண்டு ஒட்டுக்குப் பிறகு கால் நொடி வரைகூட விலகக்கூடும். பேச்சில் அவ்வளவாகத் தெரியாது. தவிலில் தெரியும். கோல் தோலில் பட்டு மேலே எழுந்த பிறகு அடி கேட்கும். ஒட்டி முடித்ததும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டிய இடம் கடைசித் துண்டில் தவில் வரும் இடம்தான்.

மறுபடி சுருக்குவது ஏன் கெடுதல் என்பதை ஒரே ஓர் எண்ணை வைத்துக் காட்டிவிடலாம். ஜரிகைக் கட்டத்தில் ஒரு எண் 37 என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை சுருக்கும்போது 16-ஆல் வகுத்தார்கள்: 2.3, எழுதியது 2. ஓட்டும்போது 2 × 16 = 32 என்று திரும்பக் கிடைக்கும். 5 குறைந்தது. இப்போது அதைத் 'தரமாக' வேறு வடிவத்துக்கு மாற்ற நினைத்து, இன்னும் நுணுக்கமாக, 10-ஆல் வகுத்துச் சுருக்குகிறோம்: 3.2, எழுதுவது 3, திரும்பக் கிடைப்பது 30. குறை 7 ஆகிவிட்டது. அசல் 37-ஐ நேராக 10-ஆல் வகுத்திருந்தால் 3.7, எழுதுவது 4, கிடைப்பது 40. வித்தியாசம் 3 மட்டுமே. இரண்டாம் முறை அதிக இடம் கொடுத்தும் படம் இன்னும் கெட்டுப்போனது. சில எண்கள் தற்செயலாக அசலை நெருங்குவதும் உண்டு. ஆனால் கோடிக்கணக்கான எண்களில் மொத்தக் கணக்கு எப்போதும் இழப்பின் பக்கமே சாயும். போதாக்குறைக்கு, முதல் சுருக்கலில் உண்டான சதுர விளிம்புகளை இரண்டாம் மென்பொருள் படத்தின் பகுதி என்றே நம்பி, அவற்றை அக்கறையாக எழுதவும் பிட் செலவழிக்கும்.

'ஒரே டிவிடியில் 5 படம்' என்று ஒரு காலத்தில் தெருவெல்லாம் விற்ற திருட்டுத் தட்டுகளில் முகங்கள் மெழுகாக உருகியது இதனால்தான். சுருக்கியதை விரித்து, மறுபடி சுருக்கி, ஐந்து மடங்கு நீளத்தை அதே தட்டில் திணித்தார்கள். டிவிடி ஷ்ரிங்க் என்ற இலவச மென்பொருள் ஓரளவு நாணயமான வழியில் போனது. படத்தை முழுக்க விரிக்காமல், எது எங்கே நகர்ந்தது என்ற குறிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, வகுத்த எண்களை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிய எண்ணால் வகுத்தது. 5 ஜிபியை 4.3-க்குக் கொண்டுவர அது போதுமானது. 8 ஜிபியை அப்படிக் கொண்டுவந்தால் சேதம் கண்ணுக்குத் தெரியும்.

அசல் கையில் இருக்கும்போது செய்ய வேண்டிய கணக்கு எளிது. டிவிடியின் 470 கோடி பைட்டைக் கணினி 4.38 ஜிபி என்றுதான் காட்டும். அது 1,024-ஆல் வகுத்துச் சொல்கிறது. அதிலும் கடைசிச் சில சதவீதத்தைத் தொடக் கூடாது. தட்டு உள்ளிருந்து வெளிவட்டத்துக்கு எழுதப்படுகிறது. விளிம்பில்தான் எழுத்துப் பிழையும் கைரேகையும் கீறலும் அதிகம். மெனுவுக்கும் விளிம்புக்கும் விட்டது போக 3,600 கோடி பிட் என்று கொள்வோம். மூன்று மணி நேரத்துக்கு நொடிக்கு 33 லட்சம் பிட், சத்தத்துக்கு 2.2 லட்சம் போனால் படத்துக்கு 31 லட்சம். இரண்டு சுற்றில் சுருக்கினால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஐந்து மணி நேரம் வேண்டும் என்றால் படத்துக்கு 18 லட்சத்துக்கும் குறைவு. அப்போது 720 × 576-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது வீம்பு. டிவிடி விதி அனுமதிக்கும் 352 × 576-க்கு இறங்கினால் கூர்மை கொஞ்சம் போகும், சதுரங்கள் வராது. அதைவிட நல்லது, இரண்டு தட்டாகக் கொடுப்பது.

இன்று பலர் கையில் இருப்பது அசல் அல்ல, அந்த விசிடிகள்தான். டெல்டாவின் ஈரக்காற்றில் விஎச்எஸ் கேசட்டுகளுக்குப் பூஞ்சை பிடிப்பதுபோல எழுதிய தட்டுகளின் சாயமும் வெயிலிலும் சூட்டிலும் மங்கும். ஆகவே அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் ஒரு புதிர் காத்திருக்கும். 700 எம்பி என்று எழுதியிருக்கும் தட்டுக்குள் ஏறக்குறைய 800 எம்பி அளவுக் கோப்பு இருக்கலாம். அதை எடுத்து இன்னொரு 700 எம்பி தட்டில் சாதாரணக் கோப்பாக எழுதப் போனால் இடம் போதாது என்று வரும். தட்டு 80 நிமிடத்துக்கு 3,60,000 பிரிவுகளாக அமைந்தது. கணக்குப் புத்தகமோ மென்பொருளோ எழுதினால் ஒரு பிட்கூடப் பிசகக் கூடாது என்பதால், பிரிவுக்கு 2,048 பைட் மட்டும் தகவலுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்குவார்கள். வீடியோவில் ஒரு புள்ளி பிசகினால் யாருக்கும் தெரியாது என்று விசிடியில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, 2,324 பைட்டையும் படத்துக்கே கொடுத்தார்கள். இடம் கூடியது, கீறலைத் தாங்கும் வலு குறைந்தது. பழைய விசிடிகள் சீக்கிரம் மக்கர் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டில் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள் '.டேட்' என்று முடியும் கோப்புதான் படம். அதன் மேல் ஒரு மெல்லிய உறை இருக்கும். எஃப்எஃப்எம்பெக் அதைப் பிரித்து உள்ளிருக்கும் எம்பெக்-1 படத்தையும் சத்தத்தையும் அப்படியே, ஒரு பிட்டும் மாற்றாமல், வெளியே எடுத்துக் கொடுக்கும். கடைகளில் கொடுத்தால் கேட்காமலே எம்பி4-ஆக மறுபடி சுருக்கித் தருவது வழக்கம்; 37 முதலில் 32 ஆகிப் பிறகு 30 ஆகும் கதைதான் அங்கே நடக்கும். சுருக்க வேண்டாம், அப்படியே எடுத்துக் கொடுங்கள் என்று சொல்லி வாங்குங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் தம்பிக்கு அனுப்புவதானால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும், டாக்குமெண்டாகப் போனால் 2 ஜிபி வரை தொடாது. நிறைய எழுதிய மூன்று விசிடிகளைச் சேர்த்தாலும் 250 கோடி பைட்தான் வரும். 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அப்படிப் பன்னிரண்டு கல்யாணம் அடங்கும்.